பங்குனி உத்திரத்துக்கு முன்னால் மாற்றிய பிரேக் பேட்

மலேசியாவிலிருந்து திருநெல்வேலிப் பக்கம் குடிவரும் பெண்களுக்கு எல்லாரும் சொல்லும் புத்திமதி வெயிலைப் பற்றியும் ஓ.சி.ஐ. என்கிற வெளிநாட்டு இந்தியக் குடிமக்கள் அட்டையைப் பற்றியும்தான் இருக்கும். வெயில் பழகிவிடும். அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது, பதிவு செய்த திருமணம் 2 வருடமாவது தொடர்ந்து நிலைத்திருக்க வேண்டும். அதனால் கல்யாணம் முடிந்ததும் பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். எனக்குச் சிரமமாக இருந்தது வேறு விஷயம். ஈப்போவில் பிறந்து வளர்ந்த எனக்கு, பாளையங்கோட்டையில் என் கையால் ஒரு வேலையைச் செய்து முடிக்க இடமே கிடைக்கவில்லை.

இங்கே ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள் உண்டு. தேங்காய் உரிக்க ஒருவர், துணி தேய்க்க ஒருவர், குழாய் ஒழுகினால் போன் போட்டதும் வரும் ஒருவர். எல்லாம் பிரியத்தில் செய்து தருவதுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வேலை செய்யாத வீட்டில் நான் விருந்தாளியாகத்தான் இருந்தேன். எங்கள் அப்பா ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு முன்போர்ச்சில் மைவி காரைத் தூக்கி நிறுத்தி ஆயில் மாற்றுவார், பிரேக் பேட் மாற்றுவார். ஸ்பானர் எடுத்துக் கொடுக்கிற பிள்ளையாகத் தொடங்கி, பிறகு அவர் பக்கத்தில் நின்று பார்க்க, நான் செய்கிற அளவுக்கு வந்திருந்தேன்.

இங்கே எங்கள் வீட்டு ஸ்விஃப்ட்டில் அந்தக் கீச்சுச் சத்தத்தை முதலில் கேட்டது கொக்கிரகுளம் பாலத்தில். தாமிரபரணியின் மேல் சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தில் கட்டி 1843-ல் திறந்த பாலம் அது. பாளையங்கோட்டையையும் நெல்லையையும் சேர்த்து வைத்த மனிதர். இன்றைக்கும் காலை நேரத்தில் இரண்டு ஊர்க் கூட்டமும் அதில்தான் ஊர்கிறது. மிதித்து விட்டு, மிதித்து விட்டு நகரும்போது முன்சக்கரத்திலிருந்து மெல்லிசாக ஒரு கீச். பிரேக் மிதிக்கும்போது, சக்கரத்தோடு சுற்றுகிற டிஸ்க் என்ற இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிப்பதுதான் பேட். அது தேய்ந்து போனால் அதில் உள்ள சின்னத் தகடு டிஸ்க்கில் உரசிக் கத்தும், கத்துவதற்காகவே வைத்த தகடு அது. பங்குனி உத்திரத்துக்குக் குடும்பத்தோடு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போக வேண்டும். பாபநாசத்துக்கு மேலே காரையார் போகிற மலைப்பாதை. அந்தச் சத்தத்தோடு போகவே கூடாது.

"ஒர்க்‌ஷாப்ல குடுத்தா அவன் ஒரு மணி நேரத்துல முடிச்சிருவாம்லா? நீ என்னத்துக்கும்மா அந்த அழுக்குல கை வைக்க? சவத்த விடு" என்றார் அத்தை. என் வீட்டுக்காரருக்கும் யோசனைதான். நான் செய்கிறேன் என்று சொல்லிவிட்டு ஜங்ஷன் பக்கம் போய், எங்கள் காருக்கான முன்பேட் செட் வாங்கினேன். ரூ.1,500-க்குள் முடிந்தது. வண்டியின் வருஷமும் மாடலும் தெளிவாகச் சொல்லி வாங்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு மட்டும் வாங்கக் கூடாது. இரண்டு முன்சக்கரத்துக்கும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். டிஸ்க்கில் ஆழமான கோடோ விளிம்பில் மேடோ இருந்தால் பேட் மட்டும் போதாது.

பங்குனி வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டுமென்று விடிந்ததும் ஆரம்பித்தேன். ஈப்போ வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் உள்ள முதல் வித்தியாசம் தரை. அங்கே சிமெண்ட் தளம், இங்கே மண் முற்றம். ஜாக்கி மண்ணில் இறங்கிவிடும். எதிர்வீட்டுப் பெரியப்பா தடிமனான ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டார். அரசு பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். பின்சக்கரத்துக்கு அண்டை கொடுக்க ஒரு மரக்கட்டையும் அவரே கொண்டுவந்தார். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிற ஆளைப் போலக் குனிந்து, கட்டை சரியாக உட்காரும்வரை காலால் தட்டிப் பார்த்தார். தெருவில் போன ஒருவர், தாங்குவதற்குச் செங்கல் அடுக்கிக்கொள்ளலாம் என்றார். அதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. பாரத்தில் செங்கல் சட்டென்று நொறுங்கும். ஜாக்கியை மட்டும் நம்பியும் வேலை செய்யக் கூடாது. இதற்கென்றே இருக்கிற இரும்பு ஸ்டாண்டை நான் முன்னமே வாங்கி வைத்திருந்தேன்.

வீல் நட்டைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்திவிட்டு அப்புறம்தான் தூக்க வேண்டும். ஹேண்ட் பிரேக் எங்கள் காரில் பின்சக்கரத்தைத்தான் பிடிக்கும், அதனால் அதைப் போட்டே வைக்கலாம். சக்கரத்தைக் கழற்றி, பேட்களை டிஸ்க்கோடு சேர்த்து அழுத்துகிற இடுக்கி போன்ற காலிபரின் கீழ் போல்ட்டை எடுத்து, காலிபரை மேலே மடக்கினால் பேட் இரண்டும் கண்ணுக்குத் தெரியும். சில வண்டிகளில் காலிபரை முழுதாகவே கழற்ற வேண்டியிருக்கும். அப்போது அதை பிரேக் ஹோஸில் தொங்கவிடாமல் ஒரு கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டி வைக்க வேண்டும். உள்ளே படிந்த கருப்புத் தூசியை வாயால் ஊதவே ஊதாதீர்கள். பழைய பேட்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது உண்டு. பிரேக் கிளீனர் அடித்து, ஈரத்துணியால் துடைத்து எடுப்பதுதான் நல்லது.

பழைய பேட் இரண்டையும் ஒரு செய்தித்தாளில் வைத்துப் பார்த்தேன். புதுப் பேட்டில் உராயும் பகுதி ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் கனம் இருக்கும், 3-க்கு வந்தால் மாற்றிவிட வேண்டும். வெளிப்பேட்டில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. உள்பேட் தகட்டை ஒட்டித் தேய்ந்திருந்தது. பெரியப்பா குனிந்து பார்த்தார்.

"பின்னு நகரலம்மா. ஆட்டிப் பாரு."

ஆட்டினேன். காலிபர் இப்படியும் அப்படியும் வழுக்கிப் போக வேண்டிய ஸ்லைடு பின் ஒன்று இறுகிக் கிடந்தது. முறுக்கி முறுக்கி இழுத்ததும் வந்தது. மேலே பூசியிருந்த கிரீஸ் காய்ந்து பக்கு மாதிரி ஒட்டியிருந்தது, அதில் செம்மண் தூசி. ரப்பர் உறையின் விளிம்பில் ஒரு சின்னக் கிழிசல், அதன் வழியாகத்தான் தூசி உள்ளே போயிருக்கிறது. பின் நகராவிட்டால், பேட்டைத் தள்ளுகிற பிஸ்டன் இருக்கும் பக்கத்துப் பேட் மட்டும் டிஸ்க்கை விடாமல் தேய்ந்துகொண்டே இருக்கும். புதுப் பேட்டை மட்டும் மாட்டியிருந்தால் அதுவும் இதே போல ஒரு பக்கமாகத் தேய்ந்து போயிருக்கும். நன்றாகத் துடைத்து, பிரேக்குக்கென்று விற்கிற சிலிக்கான் கிரீஸைப் பூசினேன். புது ரப்பர் உறை வாங்கிவர வீட்டுக்காரர் பைக்கை எடுத்துக்கொண்டு போனார். கடை திறக்கிறவரை காத்திருந்து வாங்கி வந்தார். அதற்குள் அத்தை எல்லாருக்கும் காப்பி போட்டிருந்தார்.

பிஸ்டனை உள்ளே தள்ளுவதற்கு முன்னால் பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைக் கழற்றிவிட வேண்டும். பிஸ்டன் உள்ளே போகப் போக ஆயில் மேலே ஏறும். பெயின்ட்டில் வழிந்தால் பெயின்ட் உரிந்துவிடும். பழைய பேட்டைப் பிஸ்டன் மேல் வைத்து சி கிளாம்ப்பால் மெதுவாகத் திருகினேன். பெரியப்பா டப்பாவைப் பார்த்துக்கொண்டே நின்று, "இன்னும் கொஞ்சம்... போதும்" என்று சொன்னார். புதுப் பேட் மாட்டி, போல்ட்டை அந்த வண்டிக்குச் சொல்லியிருக்கிற இறுக்கத்துக்கு முடுக்கி, அடுத்த பக்கத்துக்குப் போனேன். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் பிரிக்காமல் ஒன்று முடித்து ஒன்று செய்தால், சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ள இன்னொரு பக்கம் அப்படியே இருக்கும்.

எல்லாம் மாட்டிய பிறகு வண்டியை நகர்த்துவதற்கு முன்னால் பெடலைப் பலமுறை மிதிக்க வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். உள்ளே தள்ளிய பிஸ்டன் பேட்டைத் தொட வரும்வரை பெடல் தரைவரை போகும், பிரேக்கே பிடிக்காது. பெடல் கெட்டியாகும்வரை மிதித்து, ஆயில் அளவைப் பார்த்து மூடியபிறகுதான் சாவியைத் திருகலாம்.

மறுநாள் அதிகாலை கே.டி.சி. நகர் தாண்டி, ஆள் இல்லாத ரோட்டில் வண்டியை 50, 60 வேகத்துக்கு ஏற்றி, முழுதாக நிறுத்தாமல் மிதமாக மிதித்துக் குறைத்து, கொஞ்ச தூரம் ஆறவிட்டு மறுபடி மிதித்து, புதுப் பேட்டை டிஸ்க்கோடு பழக்கினேன். பெரியப்பாவும் கூட வந்தார். மாஞ்சோலை, காரையார் மலைக்கு ஓடிய பஸ்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். "எந்தக் கியர்ல ஏறுனியோ அந்தக் கியர்லதான் இறங்கணும். பிரேக்க நம்பி இறங்குனா கீழ வரும்போது பிரேக் இருக்காது." கேமரன் மலையிலிருந்து சிம்பாங் பூலாய் வழியாக ஆட்டோ கியர் காரில் இறங்குகிறவர்கள் பலர் கியரைக் குறைக்காமலே வருவார்கள், அடிவாரத்தில் பேட் கருகிய வாடை வரும். அங்கேயும் இந்தப் பேச்சுதான் தேவை.

உத்திரத்தன்று சோதனைச் சாவடி தாண்டி ஏறினோம், பொங்கல் வைத்துக் கும்பிட்டோம். இறங்கும்போது நான்தான் ஓட்டினேன், இரண்டாவது கியரில், தேவைப்பட்ட வளைவில் மட்டும் மிதித்து. அடிவாரத்தில் நிறுத்திச் சக்கரத்தின் அருகே முகர்ந்து பார்த்தேன், வாடை இல்லை. அத்தை பின்சீட்டிலிருந்து, மச்சான் காருக்கும் பேட் பார்த்துவிடச் சொன்னார். பார்த்தேன், அவருடையதில் இன்னும் பாதி இருக்கிறது. ஆனால் பிரேக் ஆயில் கறுத்துக் கிடக்கிறது. ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், இழுத்தால் சூட்டில் சீக்கிரம் கொதிக்கும். ஐப்பசி மழைக்கு முன்னால் அதை மாற்ற வேண்டும். பெடலை மிதிக்க ஓர் ஆள், கீழே திருக ஓர் ஆள் வேண்டும். பெரியப்பா வருகிறேன் என்றிருக்கிறார்.