மகள் கட்டிலுக்கு நேர் கீழே

திருவெறும்பூர்ப் பக்கம் பிறந்தவனுக்கு வெல்டிங் புதிதல்ல. பெல் நிறுவனத்துக்கு வேலை செய்துகொடுக்கும் பட்டறைகளில் பதினைந்து வருடம் ராடு பிடித்தவன் நான். தகரக் கொட்டகை, பக்கமெல்லாம் திறப்பு. புகை எழும், காற்று கொண்டுபோய்விடும். அதைப் பற்றி யாரும் பேசியதில்லை.

2022-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தோம். குடியிருப்பது சாட்ஸ்வொர்த்தில். மேடும் பள்ளமுமான ஊர். எங்கள் வீடு சரிவில் இருக்கிறது. தெருவிலிருந்து பார்த்தால் ஒரே தளம்தான், பின்னால் இறங்கினால் மண்ணுக்குள் பாதி புதைந்த இன்னொரு தளம். வீட்டுக்காரர் அதை எனக்குப் பட்டறையாக விட்டார். அவருடைய முன்னோர் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர்கள். அவரிடம் மிஞ்சியிருக்கும் தமிழ் நாலைந்து வார்த்தைதான். நான் 'அங்கிள்' என்கிறேன், இங்கே வழக்கம் அதுதான்.

2023 ஆடியில் கூழ் அண்டாக்களுக்கு ஸ்டாண்டு செய்துதரச் சொன்னார். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதை இங்கே 'பாரிட்ஜ் பிரேயர்' என்பார்கள். ஜி.ஐ. பைப் வாங்கினோம். ஜூலை இங்கே குளிர்காலம், அதனால் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று மணிநேரம் வெல்டிங் வைத்தேன். சாயங்காலம் மகள் படியில் நின்று, "என் ரூம்ல பட்டாசு வாசனை வருதுப்பா" என்றாள். "சரியாயிடும் கண்ணு" என்று அனுப்பிவிட்டேன். அந்த வார்த்தை இன்னும் என்னை உறுத்துகிறது.

இரவு பத்து மணிக்கு உடம்பு தூக்கிப்போட்டது. குளிர், காய்ச்சல், நெஞ்சில் இறுக்கம், வாயில் இரும்பு ருசி. டாக்டர் கேட்ட முதல் கேள்வியே "இன்று என்ன வேலை செய்தீர்கள்?" என்பதுதான். ஜி.ஐ. பைப்பின் மேல்பூச்சு துத்தநாகம். இரும்பு உருக ஏறக்குறைய 1500 டிகிரி வேண்டும், துத்தநாகமோ 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். வெள்ளையாய்ச் சுருண்டு எழுவது அதுதான். சில மணிநேரம் கழித்துக் காய்ச்சலாக வரும், ஓரிரு நாளில் தணியும். எனக்கும் தணிந்தது. ஊரில் பால் குடித்தால் போய்விடும் என்பார்கள். நுரையீரலுக்குள் போனதைப் பால் என்ன செய்யும்? எல்லா வெல்டிங் புகையும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-இல் வகைப்படுத்தியதையும் அப்போதுதான் அறிந்தேன்.

என் மேசைக்கு நேர் மேலே மகளின் கட்டில். நடுவில் இருப்பது பலகைத் தளம், அதில் இடுக்குகள்.

அதைவிடப் பயந்தது ஜெனரேட்டருக்கு. அந்த வருடம் லோட் ஷெட்டிங், அதாவது மின்வெட்டு, கடுமை. மழைக்கும் திருட்டுக்கும் பயந்து ஜெனரேட்டரைக் கீழ்த்தளத்திலேயே வைக்கலாம் என்று இடமும் அளந்திருந்தேன். அதன் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. படி வழியாக ஏறித் தூங்குகிறவர்களை எழவிடாமலே கொன்றுவிடும். இப்போது ஜெனரேட்டர் வீட்டுச் சன்னல்களுக்கு எட்டாத தூரத்தில், தோட்டத்துக் கோடியில், இரும்புக் கூண்டுக்குள் நிற்கிறது. நீளக் கேபிள் போட்டிருக்கிறேன். மகள் அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டியாயிற்று.

ஆர்கான் வாயு சிலிண்டர் வைத்து வெல்டிங் செய்யலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். ஆர்கான் காற்றைவிடக் கனம். கசிந்தால் பள்ளத்தில் தேங்கி மூச்சுக் காற்றைத் தள்ளிவிடும். மயங்கி விழும்வரை தெரியாது. இந்த அறைக்கு அது வேண்டவே வேண்டாம் என்றேன்.

பெயிண்ட் டப்பா, தின்னர், பழைய மெத்தை எல்லாம் வெளியே போயின. தீப்பொறி பத்து மீட்டர்கூட ஓடும். சன்னலில் புகையை வெளியே இழுக்கும் ஃபேன் ஓடுகிறது, குளிரானாலும் கதவு திறந்தே இருக்கிறது, உலோகப் புகைக்கான ஃபில்டர் வைத்த முகமூடி இல்லாமல் ஹோல்டரைத் தொடுவதில்லை. பூச்சுள்ள பைப் வந்தால் பின்முற்றத்து வெட்டவெளிதான். வேலை முடிந்தபின் ஒரு மணிநேரம் படியிலேயே உட்கார்ந்து, எங்காவது கனல்கிறதா என்று பார்க்கிறேன். பக்கத்தில் வாளித் தண்ணீரும் மணலும்.

மிச்ச ஸ்டாண்டுகளைப் பின்முற்றத்தில் முடித்தேன். அங்கிள் குளிரில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, புகை வராத பக்கமாக நாற்காலி போட்டு, கடைசி ராடு தீரும்வரை கூடவே உட்கார்ந்திருந்தார்.