10 கி.மீ. 49:42: ஆறு மாத முட்டுக்கட்டையை உடைத்த செவ்வாய்க்கிழமைகள்

மூன்று பந்தயங்களாக 51:20-ஐ விட்டு நகராத என் 10 கி.மீ. ஓட்ட நேரம் கடைசியில் 49:42-க்கு இறங்கிவிட்டது. கிலோமீட்டர் வாரியாக 5:02, 5:00, 4:59, 4:59, 5:00, 4:59, 4:58, 5:00, 4:57, 4:48. முதல் பாதி 25:00, இரண்டாம் பாதி 24:42.

வார அளவு கூடவில்லை. ஐந்து நாள், 45 முதல் 50 கி.மீ.; நீள ஓட்டம் 16 கி.மீ.; மெது ஓட்டங்கள் கிலோமீட்டருக்கு 6:15–6:40 நிமிடம்; அவற்றில் இரண்டின் முடிவில் ஆறு 100 மீ. ஸ்ட்ரைட்ஸ் (குறுகிய வேக ஓட்டங்கள்). எல்லாம் பழையபடியே. மாறியது செவ்வாய்க்கிழமையின் த்ரெஷோல்ட் (தாங்கும் எல்லை வேக) பயிற்சி மட்டும்: 6 × 1 கி.மீ., இடையே 60 விநாடி நடை. அதையும் வேகப்படுத்தவில்லை, மெதுவாக்கியதுதான் பலித்தது.

51:20 ஓடுகிறவருக்கு த்ரெஷோல்ட் வேகம் 5:12 அளவில் வரும். ஏறக்குறைய ஒரு மணி நேரம் பந்தயத்தில் தாக்குப்பிடிக்கும் வேகம் அது. அந்த எல்லைக்குள் இருக்கும்வரை லாக்டேட் (கடின ஓட்டத்தில் தசையில் உண்டாகும் பொருள்) உண்டாக உண்டாக உடல் அதைச் செலவழித்துவிடும். தாண்டினால் ஏறிக்கொண்டே போகும். 60 விநாடி நடையில் இறங்காது. பழைய குறிப்பேட்டில் ஒரு செவ்வாய்: 4:58, 5:01, 5:06, 5:15, 5:24, ஆறாவது இல்லை. வியாழனன்றும் கால் கனமாகவே இருக்கும். இப்போதைய வரிசை: 5:13, 5:12, 5:12, 5:11, 5:12, 5:10. முடிக்கும்போது இன்னும் ஒன்று ஓடலாம் போலிருந்தால் வேகம் சரி.

சிக்கல் முழுக்க முதல் 200 மீட்டரில். கால் புதிதாக இருப்பதால் 58 விநாடியில் போய்விடும். அது 4:50 வேகம். 5:12-க்கு வரவேண்டியது 62 விநாடிக்குச் சற்று மேல். கடிகாரத்தின் உடனடி வேகத்தைப் பார்த்துச் சரிசெய்யவே முடியாது. டிராக் வளைவில் ஜிபிஎஸ் தாவும், காட்டுவதும் சில விநாடி பிந்தித்தான். அந்த எண்ணைத் திரையிலிருந்தே எடுத்துவிட்டு, ஓடிய நேரத்தை மட்டும் வைத்தேன். முன்கையில் பேனாவால் 62, 2:05, 3:07, 4:10, 5:12 என்று எழுதிக்கொண்டால் ஒவ்வொரு 200-க்கும் சரிபார்க்கலாம். முதல் 200 மீ. 64 ஆனாலும் விரட்டிப் பிடிக்கக்கூடாது. அடுத்த எண்ணூறில் தானாகச் சேர்ந்துவிடும்.

இதில் இன்னொரு பொறி, லேன் (டிராக்கின் ஓடுதடம்). சுற்றுக்கு 400 மீ. உள்ள முதல் லேனில் கூட்டமென்று வெளியே ஒதுங்கினால் இரண்டாவது 407 மீ., மூன்றாவது ஏறக்குறைய 415, நான்காவது 422. நான்காவது லேனில் ஒரு சுற்றை 2:05-ல் ஓடினால் அது 4:56 வேகம்! அங்கே சுற்றுக்கு 2:12 எடுத்தால்தான் 5:12. பல வாரம் புரியாமல் சோர்ந்துபோனதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதயத்துடிப்புக்கு மணிக்கட்டு சென்சாரை இந்தப் பயிற்சியில் நம்பவேண்டாம். காலடி எண்ணிக்கையையே துடிப்பாக எடுத்துக்கொண்டு முதல் கிலோமீட்டரிலேயே 172 என்று அசையாமல் நிற்கும். மார்புப் பட்டையே மேல்; கட்டும் முன் அதன் உட்புறத்தை நனைக்கவேண்டும், இல்லாவிட்டால் வியர்வை வரும்வரை எண்கள் தாறுமாறாக ஓடும். சென்சார் பழுதாவதற்கு முன்பே பட்டைதான் தொய்ந்துபோகும். ஆகவே பட்டையைத் தனியாக விற்கும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள். மாற்றுப் பட்டை வாங்கும்போது சென்சாரை மாட்டும் பொத்தான்களின் இடைவெளியை அளந்துகொள்ளுங்கள்.

அடுத்த ஆசை அரை மராத்தான் 1:50. ஒரு தூரத்தின் நேரத்திலிருந்து இன்னொன்றை மதிப்பிடும் பீட்டர் ரீகலின் சூத்திரத்தில் (தூர விகிதத்தின் 1.06 அடுக்கு) 49:42-ஐப் போட்டால் 1:49:40 வருகிறது, மயிரிழைதான். 21.0975 கி.மீ.க்கு 5:13 வேகம் போதும் என்று கணக்குச் சொன்னாலும், பாதை அளக்கப்படுவது மிகக் குறுகிய கோட்டில். வளைவுகளில் அகலமாகப் போவதும் ஜிபிஎஸ் பிழையும் சேர்ந்து கடிகாரம் 21.3 காட்டினால், திரையில் 5:10 தெரிந்தால்தான் 1:50 கிடைக்கும். நான் 5:09 வைத்துக்கொள்கிறேன்.

ஆனால் 10 கி.மீ. வேலையே இன்னும் முடியவில்லை. கடைசிக் கிலோமீட்டர் 4:48 என்றால் எட்டாவதில் 5:00-க்குத் தளர்ந்திருக்கவேண்டியதில்லை. புதிய நேரத்துக்கு த்ரெஷோல்ட் 5:05 ஆகிறது. இரண்டு வாரம் மெது ஓட்டம் மட்டும், பிறகு 5:12-லேயே தொடங்கி மூன்று வாரத்தில் 5:05-க்கு இறக்கவேண்டும். அதோடு 6 × 1 கி.மீ.யை 3 × 2 கி.மீ. ஆக்கி, இடைவேளை 90 விநாடி. மூன்றாவது இரண்டாயிரத்தின் முதல் 200-ஐத்தான் இப்போது கவனிக்கவேண்டும். அங்கே 61 விநாடி, அதற்குக் கீழே ஒரு விநாடிகூட வேண்டாம்.