டை இருந்தது, மேசை இல்லை: நுவரெலியாப் பக்கம் பெரிய இடத்தில் சாப்பிடப் போகிறவர்களுக்கு

"லிஸ்ட்ல உங்க பேரு இல்லீங்களே சேர்."

ஹட்டனிலிருந்து வேன் பிடித்து வந்து, கோட்டும் டையும் மாட்டிக்கொண்டு, பனியில் வாசலில் நிற்கும்போது காதில் விழக்கூடாத வசனம் இது. ஒரு வாரத்துக்கு முன்பே போனில் சொல்லி வைத்த மேசை. நான்கு பேர், இரவு ஏழரை மணி. உள்ளே எட்டிப் பார்த்தால் ஏதோ ஒரு கம்பனியின் விருந்து நடக்கிறது, சாப்பாட்டு மண்டபம் முழுவதும் அவர்களுக்கு. இடத்தின் பெயர் வேண்டாம், பேர் போன இடம் என்பதோடு விடுவோம். அன்றைய இரவு பஸ் ஸ்டாண்ட் பக்கம் கொத்து ரொட்டியில் முடிந்தது. கொத்து நன்றாகத்தான் இருந்தது, அது வேறு விஷயம்.

பிழை எங்கே என்று பிறகு துருவியபோதுதான் விளங்கியது. மலையகத்துப் பெரிய ஹோட்டல்கள் பலவற்றின் ரிசர்வேஷன் பிரிவு கொழும்பில் இருக்கிறது. வெப்சைட்டில் போட்டிருக்கும் நம்பரை அழுத்தினால் பேசுவது அங்கேயுள்ளவர். அவர் கம்பியூட்டரில் பதிவார். மேசை போடுகிறவரோ மலையில், கையில் ஒரு கொப்பியோடு நிற்கிறார். அறை புக்கிங் தவறாமல் அந்தக் கொப்பிக்குப் போய்ச் சேர்கிறது, வெறும் சாப்பாட்டு மேசை சில வேளை வழியில் தொலைகிறது. ஆகவே இரண்டு கோல் எடுக்க வேண்டும். முதலாவது கொழும்புக்கு. இரண்டாவது நேரே ஹோட்டலுக்கு, "ரெஸ்டோரண்ட் சூப்பவைசரைக் கொடுங்க" என்று கேட்டு. திகதி, நேரம், ஆட்கள், யார் பேரில் என்ற நான்கையும் வட்ஸ்அப்பில் அனுப்பி, "சரி" என்று பதில் வரும்வரை அது புக்கிங் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். போகிற அன்று காலை பத்து மணிக்கு இன்னொரு கோல். அப்போது கேட்க வேண்டிய கேள்வி, "இன்னைக்கு ராத்திரி உங்க பக்கம் ஃபங்ஷன் ஏதும் இருக்குதுங்களா?" ஏப்ரல் சீசனில் என்றால் இந்தக் கோலை முதல்நாள் மாலையும் எடுங்கள். அந்த மாதம் நுவரெலியாவில் வேன் நிறுத்தக்கூட இடம் கிடைக்காது.

இரண்டாவது தடவை, வேறொரு இடத்தில், எல்லாம் எழுத்தில் இருந்தது. மேசையும் இருந்தது.

உடுப்பு விஷயத்தில் பலருக்குப் பயம். அவ்வளவு பயம் தேவையில்லை. நுவரெலியாவில் 1876இல் தொடங்கிய ஹில் கிளப்பில் மட்டும் இரவு ஏழுக்குப் பிறகு சாப்பாட்டு அறைக்குள் ஆண்களுக்குக் கோட்டும் டையும் கட்டாயம். இல்லாதவர்களுக்கு அங்கேயே இரவல் கொடுப்பார்கள், ஆனால் உங்கள் அளவு கிடைப்பது அதிர்ஷ்டம். தோள் விழுந்த கோட்டில் மூன்று மணி நேரம் உட்கார முடியாது, டையை இரவல் வாங்கினாலும் கோட்டை வீட்டிலிருந்து கொண்டு போங்கள். உறுப்பினர் அல்லாதவர் தற்காலிக உறுப்பினராகப் பதிய வேண்டும், அதற்கு ஒரு சிறு கட்டணம். இலங்கையரை நெடுங்காலம் உள்ளே சேர்க்காத கிளப், இன்று பதிவுப் புத்தகத்தில் நம் கையெழுத்தைக் கேட்கிறது. பேனாவை வாங்கிக் கொஞ்சம் பெரிதாகவே போடலாம். மற்ற இடங்களில் நீளக் காற்சட்டை, கொலர் வைத்த சேர்ட், மூடிய சப்பாத்து இருந்தால் போதும். பெரும்பாலும் வாசலில் மறிக்கப்படுவது செருப்புத்தான். வேட்டி கட்டிவரும் பெரியவர் இருந்தால், தேசிய உடைக்கு அனுமதி உண்டா என்று புக்கிங்கிலேயே கேட்டு எழுதி வாங்குங்கள். வாசலில் வைத்து விவாதிக்கிற காரியமல்ல அது.

அடையாள அட்டை. இதை மறந்தால் காசு போகும். சில இடங்களில் உள்நாட்டவருக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்கு டொலரில் இன்னொரு விலை. தமிழ் பேசினாலும் சிங்களம் பேசினாலும் அட்டையைக் கேட்க உரிமை உண்டு என்று நிற்பார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த சொந்தக்காரர் மேசையில் இருந்தால் அவருக்கு மட்டும் தனி விலையா, முழு மேசைக்குமா என்பதை முன்கூட்டியே தீர்த்துக்கொள்ளுங்கள். போனில் அட்டையின் படம் இருந்தால் சில இடங்களில் ஏற்கிறார்கள், சில இடங்களில் தலையாட்டி மறுக்கிறார்கள்.

மேசை எங்கே என்று கேட்டால் எல்லோரும் ஜன்னலோரம் என்கிறார்கள். பகலில் சரி. இரவில் ஆறரைக்கெல்லாம் இருட்டிவிடும், வெளியே தெரிவது உங்கள் முகமும் கண்ணாடியில் வழியும் பனியும்தான். போதாததற்குப் பழைய கட்டடங்களின் ஜன்னல் இடுக்கு வழியே குளிர் முழங்காலைப் பிடிக்கும். இரவில் நெருப்பு மூட்டிய பக்கத்தில், ஆனால் நெருப்பிலிருந்து இரண்டு மேசை தள்ளிக் கேளுங்கள். பக்கத்திலேயே உட்கார்ந்தால் விறகுப் புகையில் சாப்பாட்டு வாசனை ஒன்றும் ஏறாது.

இனிச் சாப்பாடு. மலைநாட்டுப் பெரிய சமையலறைகள் தோற்கும் இடம் ஒன்றே ஒன்று, சூடு. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் வெளியே 10 பாகைக்கும் கீழே இறங்கும். சமையலறையோ பின்கட்டில், சாப்பாட்டு அறை முன்கட்டில், நடுவில் நீளமான நடை. பிளேட் குளிர்ந்திருந்தால், அடுப்பிலிருந்து சரியான பதத்தில் இறக்கிய கறிகூட மேசைக்கு வருவதற்குள் கெட்டுவிடும். ஆட்டிறைச்சிக்கு இது மிக மோசம், அதன் கொழுப்பு 40 பாகைச் சொச்சத்திலேயே உறையத் தொடங்குகிறது. அந்த இரண்டாவது தடவை வந்த ஆட்டு விலா எலும்பு பார்க்க அருமை, ஓரம் பொன்னிறம், நடுவில் இளஞ்சிவப்பு. ஆனால் நான்காவது வாயில் மேலண்ணத்தில் மெழுகு ஒட்டிக்கொண்டதைப் போல ஒரு படலம். பிளேட்டில் கிரேவியின் கரையோரம் வெள்ளை வெள்ளையாகப் பொட்டுகள். இறைச்சியில் குற்றமில்லை. பிளேட்டைத் தொட்டுப் பார்த்தேன், ஓடையில் கழுவிய கல்லைப் போல ஜில்லென்று இருந்தது.

திருப்பி அனுப்பக் கூச்சமாக இருக்கும். தோட்டத் துரை பங்களாவின் பின்கதவை மட்டுமே பார்த்துப் பழகிய சமூகத்துக்கு அந்தக் கூச்சம் பழையது. ஆனால் சூடாக்கித் தரும்படி கேட்டால் யாரும் கோபிப்பதில்லை. "தம்பி, பிளேட்ட சூடாக்கி மாத்தித் தர ஏலுமா?" அவ்வளவுதான். இறைச்சியை மறுபடி சூடாக்கச் சொல்லாதீர்கள், நடுப்பதம் போய்ச் செருப்பாகிவிடும். பிளேட்டையும் கிரேவியையும் மட்டும் மாற்றச் சொல்லுங்கள். இன்னும் நல்லது, ஓர்டர் கொடுக்கும்போதே பிளேட்டைச் சூடாக்கச் சொல்லிவிடுவது. ஜன்னலோரம் மாட்டிக்கொண்டீர்களா, ஆட்டிறைச்சியை விட்டுவிட்டுக் கோழியோ மீனோ எடுங்கள், அவை கொஞ்சம் ஆறினாலும் பிழைத்துக்கொள்ளும்.

சைவக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. "வெஜிடேரியன்" என்று சொன்னால் மட்டும் போதாது. தேங்காய்ச் சம்பலிலும் மரக்கறியிலும் மாசிக் கருவாடு இருக்கும். சூப்புக்குக் கோழி ஸ்டொக். பன்னா கோட்டா மாதிரி ஆடும் இனிப்புகளில் ஜெலட்டின். வூஸ்டர்ஷயர் சோஸில் நெத்தலி. அசல் பர்மசான் சீஸ் கன்றுக்குட்டியின் இரைப்பை நொதி போட்டுத்தான் உறைய வைக்கப்படுகிறது. இந்த ஐந்தையும் பெயர் சொல்லிக் கேட்டால், சமையலறையிலிருந்து ஒருவர் வந்து பேசுவார். "எல்லாம் சைவந்தான்" என்று வெயிட்டர் மேசையருகிலேயே நின்று பதில் சொன்னால் நம்ப வேண்டாம், உள்ளே போய்க் கேட்டு வரச் சொல்லுங்கள். சஷ்டி விரதகாலம் என்றால் இரண்டு நாள் முன்பே அறிவித்துவிடுவது நல்லது. சோஸில் வைன் ஊற்றுவதையும் விரும்பாதவர்கள் இதே மூச்சில் சொல்லிவிடலாம். போயா எனும் பௌர்ணமி தினத்தில் மதுபானம் விற்கமாட்டார்கள், அதற்காகச் சண்டை பிடித்துப் பயனில்லை.

அன்றைய மெனுவில் ஏழு வகை. ஐந்து வகை வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. மறக்காதது இரண்டு. ஒன்று லீக்ஸ். இங்கே லொறி லொறியாகக் கொழும்புக்கு இறங்கும் அதே லீக்ஸ்தான். முழுதாகத் தணலில் கருகவிட்டு, கரிந்த மேல்தோல் மூன்றையும் உரித்து எறிந்துவிட்டு, உள்ளே வெந்து குழைந்திருந்த வெள்ளைத் தண்டை மட்டும் விரல் நீளத்துக்கு வெட்டி, பழுப்பாகக் காய்ச்சிய பட்டர் ஊற்றியிருந்தார்கள். இனிப்பும் புகையும் சேர்ந்த ருசி. வீட்டிலும் செய்யலாம், கருகுகிறதே என்று பயந்து பாதியில் எடுத்துவிடாமல் இருந்தால் சரி.

மற்றது தேங்காய் ரொட்டி. ஐந்து ரூபாய்க் குற்றி அளவில், கருங்கல் பலகையில், மேலே கடுகளவு கட்டசம்பல். விடியற்காலையில் கொழுந்து எடுக்கப் போகுமுன் தோட்டத் தொழிலாளர் லயத்தில் சுடும் அதே ரொட்டி, ஆங்கிலத்தில் மூன்று வரி அறிமுகத்தோடு வருகிறது. ரொட்டியில் குறையில்லை. சம்பலில் காரமே இல்லை, வெளிநாட்டவருக்காக மிளகாயைக் குறைத்துத் தக்காளியைக் கூட்டியிருந்தார்கள். பரிமாறிய தம்பியிடம் தமிழில் மெதுவாகக் கேட்டோம், "உள்ள நீங்க சாப்பிடுற சம்பல் இருக்குதா?" சிரித்துவிட்டு உள்ளே போனார். ஒரு சின்னச் சோசரில் வந்தது, அம்மியில் இடித்த செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், மாசி, தேசிக்காய்ப் புளி. அந்த இரவின் பெரிய வெற்றி அந்தச் சோசர்தான், அது பில்லிலும் ஏறவில்லை.

கந்தப்பளையில் பழைய ஹெதர்செட் ஃபேக்டரியை ஹோட்டலாக்கிய ஹெரிடன்ஸ் டீ ஃபேக்டரியில், குறும்பாதை ரயில் பெட்டி ஒன்றையே உணவகமாக வைத்திருக்கிறார்கள். இடம் சிறிது, முன்பதிவு இல்லாமல் போய் நிற்காதீர்கள். காசல்ரீ நீர்த்தேக்கத்தை ஒட்டிய சிலோன் டீ டிரெய்ல்ஸ் பங்களாக்களில் தங்கினால் மூன்று வேளைச் சாப்பாடும் கட்டணத்திலேயே அடங்கும். அங்கே சமையல்காரரே வந்து என்ன வேண்டும் என்று கேட்பார், ஆகவே மேலே சொன்ன தலைவலிகளில் பாதி இல்லை. விலைதான் தலைவலி.

கடைசியில் தேநீர். தேயிலை நாட்டில் இருந்துகொண்டு பேக் போட்ட தேத்தண்ணீர் கொடுக்கும் பெரிய இடங்கள் உண்டு, மன்னிக்க முடியாது. "இலைத் தேயிலை, எந்தத் தோட்டத்துது?" என்று கேளுங்கள். நுவரெலியா, திம்புள்ளைப் பக்கத்துத் தேயிலைக்கு ஜனவரியிலிருந்து மார்ச்வரை நல்ல பருவம், ஊவாவுக்கு ஜூலையிலிருந்து செப்டம்பர். இந்த உயரத்தில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் சூடாகாது. ஆகவே கேத்தலிலிருந்து நேரே, முன்பே சூடாக்கிய டீ பொட்டில் ஊற்றினால்தான் சாயம் இறங்கும். பிளாஸ்க்கில் கொண்டுவந்த தண்ணீரை மேசையில் வைத்து ஊற்றினால் வெறும் நிறம்தான் வரும். நுவரெலியாத் தேயிலைக்குப் பால் வேண்டாம், பால் ஊற்றினால் அதன் வாசனை காணாமல் போகும்.

பில். மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால், சேவைக் கட்டணமும் வரியும் தனி என்று அர்த்தம். 10,000 ரூபாய்ச் சாப்பாட்டுக்கு 10 வீதம் சேவைக் கட்டணம், 2.5 வீதம் சமூகப் பாதுகாப்பு உதவுதொகை, அதன்மேல் 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம் வற் வரி. கூட்டும் முறை இடத்துக்கிடம் சற்று மாறினாலும் 13,000ஐத் தாண்டிவிடும். நான்கு பேருக்கு நாற்பதாயிரம் என்று எண்ணிப் போனால் ஐம்பத்திரண்டாயிரத்தைத் தாண்டித்தான் எழும்ப முடியும். கிரெடிட் கார்ட் கழிவு இருந்தால் பில் அடிக்கும் முன்பே கார்டைக் காட்டுங்கள். அடித்த பிறகு காட்டினால் "சிஸ்டத்துல மாத்த ஏலாது" என்ற பதில்தான். நீண்ட விடுமுறைகளிலும் ஏப்ரலிலும் கழிவு செல்லாது என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், அதையும் பாருங்கள். சேவைக் கட்டணம் பில்லிலேயே இருந்தாலும், பரிமாறிய தம்பியின் கையில் தனியாக ஏதாவது வைப்பது வழக்கம். சோசர் கொண்டுவந்தவருக்குக் கூடவே வைத்தோம்.

இரவு பத்துக்கு மேல் ஓட்டோ கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் கேட்கிற காசு வேறு. திரும்பும் வாகனத்தைக் கையோடு வைத்திருங்கள். வேனில் போனால் டிரைவருக்குச் சாப்பாடு உண்டா என்று புக்கிங்கில் கேட்டுவையுங்கள், பல ஹோட்டல்களில் பின்பக்கம் தனி இடம் இருக்கிறது. எங்கள் வேன்காரத் தம்பி அங்கே சாப்பிட்டுவிட்டு வந்து கதவைத் திறந்தார். சோறு, பருப்பு, கோழிக் கறி, அப்பளம்.

"எப்பிடித் தம்பி சாப்பாடு?"

"சுடச்சுட இருந்திச்சுங்க அண்ணே."