நூறு ஆமணக்கு விதை, எட்டு நாள்

விளக்கெண்ணெய் என்ற பெயரிலேயே எரிபொருள் இருக்கிறது. பயோடீசலுக்கு (தாவர எண்ணெயிலிருந்து செய்யும் டீசல்) வாங்கிக்கொள்வார்கள் என்ற பேச்சை நம்பி ரெண்டு ஏக்கரில் ஆமணக்கு போட்டேன். (காட்டாமணக்கு நட்டு ஏமாந்தது அப்பா. அது தனிக் கதை.)

நாற்பது நாளுக்கு மேல் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செடி மஞ்சளித்துத் தொங்கியது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்துப் பாய்ச்சினேன். அப்புறம் ஒன்றைப் பிடுங்கித் தண்டைப் பிளந்தால், உள்ளே சோறு (தண்டின் நடுவில் இருக்கும் மென்மையான பகுதி) கறுத்து, அதன்மேல் பஞ்சு ஒட்டினதுபோல வெள்ளைப் பூஞ்சை. வாடல் நோய். பியூசேரியம் ஆக்சிஸ்போரம் என்ற பூஞ்சையின் வேலை. மண்ணிலும் கிடக்கும், விதையிலும் வரும்.

விதை தெரிந்தவரிடம் வாங்கியது. பளபளவென்றுதான் இருந்தது. வேளாண்மை படிக்கும் அக்கா மகள், "மிச்ச விதையைக் கொண்டாங்க மாமா, பார்த்துடலாம்" என்றாள். முறைப்படி 400 விதை வேண்டுமாம். எங்களிடம் தேறியது 100. பெட்ரி தட்டில் (ஆய்வகத்தில் பயன்படும் மூடிபோட்ட சின்ன வட்டத் தட்டு) மூன்று உறிஞ்சு தாளை நனைத்துப் போட்டு, தட்டுக்குப் பத்து விதை. பாதியை கிருமி நீக்கும் 1% சோடியம் ஹைப்போகுளோரைட்டில் இரண்டு நிமிடம் கழுவினோம், பாதியை அப்படியே வைத்தோம். மேலே ஒட்டியிருப்பது கழுவினால் போகும், உள்ளே இருப்பது போகாது. 12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் இருட்டு.

எட்டாம் நாள் கழுவாத தட்டுகளில் கரித்தூள் கொட்டினதுபோல ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை. எனக்குப் பகீரென்றது. அவளோ கழுவினதைத்தான் உற்றுப் பார்த்தாள். ஏழு விதையில் வெள்ளைப் பஞ்சு. நுண்ணோக்கியில் வைத்தால் குட்டிக் குட்டி அரிவாளாகப் பூஞ்சையின் வித்துகள். பியூசேரியம்தான். ஆனால் பியூசேரியம் எல்லாமே வாடல் உண்டாக்காது, தொட்டியில் வளர்த்துப் பார்த்தால்தான் உறுதி என்றாள். அப்படி வளர்த்ததில் மூன்று நாற்று வாடியது. எனக்கு அது போதும்.

அடுத்த விதைப்புக்கு வேறு விதை. நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடியைக் கிலோவுக்கு 10 கிராம் கலந்தேன். கெட்டிக்காரத்தனமாகக் கார்பென்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தையும் சேர்த்துக் கிளறினேன். அது நோய்ப் பூஞ்சையோடு டிரைக்கோடெர்மாவையும் கொன்றுவிடுமாம்! இரண்டாம் முறை டிரைக்கோடெர்மா மட்டும். நோய் வந்த ரெண்டு ஏக்கரில் இப்போது சோளம். மண்ணில் இருப்பதை விதைநேர்த்தி மட்டும் தீர்க்காது.

மிஞ்சிய பழைய கொட்டையைச் செக்குக்காவது தள்ளலாம் என்று பார்த்தேன். பூஞ்சை பிடித்த கொட்டையில் எண்ணெயின் அமிலம் ஏறிவிடும். அதைப் பயோடீசலாக்கக் காரம் (அமிலத்துக்கு எதிரான ரசாயனம்) சேர்க்கும்போது சோப்பாகத் திரளும். மூட்டை இன்னும் திண்ணையில்தான் கிடக்கிறது.