முப்பது பிள்ளைகள் இருந்த வீடு

சென்ற ஜனவரியில், எதிர்க் கட்டடமே தெரியாத அளவுக்கு மயூர் விஹாரை மூடுபனி மூடியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹீட்டரைக் கால்மாட்டில் வைத்துக்கொண்டு நானும் என் மனைவியும் ‘தி மாக்னிஃபிசென்ட் யாங்கி’ என்னும் பழைய ஹாலிவுட் படத்தைப் பார்த்தோம். எம்.ஜி.எம். நிறுவனத்துக்காக ஜான் ஸ்டர்ஜஸ் இயக்கி 1950இல் வெளிவந்த கறுப்பு வெள்ளைப் படம் அது; ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 1902 முதல் 1932 வரை நீதிபதியாக இருந்த ஆலிவர் வெண்டல் ஹோம்ஸும் அவருடைய மனைவி ஃபானியும் வாஷிங்டனில் வாழ்ந்த வாழ்க்கைதான் கதை. லூயி கால்ஹெர்ன் ஹோம்ஸாகவும் ஆன் ஹார்டிங் ஃபானியாகவும் நடித்திருக்கிறார்கள். கால்ஹெர்ன் இதே வேடத்தை முன்பே பிராட்வே மேடையில் ஏற்றுப் பழகியவர். படத்துக்காக அவர் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார்.

ஹோம்ஸின் வாசகம் ஒன்று, அவருடையது என்று தெரியாமலே, எனக்கு முதலில் அறிமுகமானது பிட்மன் சுருக்கெழுத்தில்தான். 1981இல் தில்லிக்கு வந்து, ஒரு மூத்த வழக்கறிஞரின் வீட்டோடு சேர்ந்திருந்த அலுவலகத்தில் ஸ்டெனோவாகச் சேர்ந்தேன். பேச்சுரிமை பற்றிய மனு எதுவாக இருந்தாலும் சீனியர் டிக்டேஷன் கொடுக்கையில் ‘கிளியர் அண்ட் பிரசண்ட் டேஞ்சர்’ (தெளிவான, உடனடியான ஆபத்து) என்ற அந்தத் தொடர் எப்படியும் வந்துவிடும். அடிக்கடி வந்ததால் அந்த நான்கு சொற்களையும் பென்சிலை எடுக்காமல் ஒரே இழுப்பில் எழுத நானே ஒரு குறியை உண்டாக்கி வைத்திருந்தேன். 1989இல் ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படத்துக்குத் தணிக்கைச் சான்றிதழ் செல்லும் என்று நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, வெடிமருந்துப் பீப்பாயில் விழும் தீப்பொறி போல ஆபத்து நெருங்கியதாக இருக்க வேண்டும் என்று அதில் சொல்லப்பட்டிருந்தது. அதைத் தட்டச்சு செய்த நாளில்தான், இந்த நெருப்பு யார் வீட்டு அடுப்பிலிருந்து வந்தது என்று சீனியரிடம் கேட்டேன். “அது ஒரு கிழவன், தொண்ணூறு வயது வரைக்கும் கோர்ட்டுக்குப் போனவன்” என்றார். அதற்கு மேல் சொல்ல அவருக்கு நேரமில்லை.

அந்தக் கிழவரைப் பார்க்கத்தான் உட்கார்ந்தேன் என்றாலும், படம் முடியும்வரை என் கண் போனதெல்லாம் அந்த அம்மாளின் பக்கம்தான். அதற்குக் காரணம் உண்டு.

இங்கிலாந்தில் இந்தப் படம் வேறு பெயரில் வெளிவந்தது; ‘முப்பது மகன்களை உடைய மனிதர்’ என்பது அதன் பொருள். ஹோம்ஸ் தம்பதிக்குக் குழந்தை இல்லை. ஆண்டுக்கு ஒருவராக ஹார்வர்டு சட்டக் கல்லூரியிலிருந்து இளைஞர்கள் ஹோம்ஸின் செயலாளராக வந்துபோனார்கள். மேல்முறையீட்டு மனுக்களைப் படித்துச் சுருக்கம் சொல்வது, காசோலைக் கணக்கைச் சரிபார்ப்பது, மாலையில் உடன் நடப்பது, கிழவர் சொல்லும் போர்க்கதைகளைக் கேட்பது என்று எல்லாம் கலந்த வேலை அது. திருமணமாகாதவராக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த இளைஞர்களைத்தான் படம் பிள்ளைகள் என்கிறது. ஹோம்ஸின் எண்பதாவது பிறந்த நாளன்று, 1921 மார்ச்சில், அவர் அறியாமலே பழைய செயலாளர்களையெல்லாம் ஃபானி வீட்டுக்கு வரவழைத்து வைத்திருந்தார் என்பது அவரைப் பற்றி எழுதியவர்கள் தவறாமல் சொல்லும் செய்தி. படத்திலும் நெஞ்சைத் தொடுவது அதுதான். படத்துக்கு மூலமான நாடகத்தை எழுதியவர் எம்மெட் லாவெரி. அந்த நாடகம் பிரான்சிஸ் பிடில் எழுதிய ஹோம்ஸின் வரலாற்றை ஒட்டியது. பிடிலும் அந்தப் பிள்ளைகளில் ஒருவர். பின்னாளில் நியூரம்பெர்க் விசாரணையில் அமெரிக்காவின் சார்பில் நீதிபதியாக அமர்ந்தவர். ஆகவே இது ஒரு மகன் தகப்பனைப் பற்றிச் சொன்ன கதை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டே பார்க்க வேண்டும். தகப்பனைப் பற்றிச் சொல்கையில் மகன்கள் சிலவற்றை விட்டுவிடுவார்கள்.

நானும் ஒருவகையில் அப்படிப்பட்ட ஒரு வீட்டில் பிள்ளையாக இருந்தவன். எங்கள் சீனியரின் மனைவியை பஞ்சாபி ஜூனியர்கள் உட்பட எல்லோரும் ‘மாமி’ என்றுதான் அழைத்தார்கள். சீனியரின் கழுத்தில் கட்டும் வெள்ளைப் பேண்டை மாமி ஒருநாளும் டோபியிடம் போட்டதில்லை. சோறு வடித்த கஞ்சியை மெல்லிய துணியில் வடிகட்டி, அதில் பேண்டை முக்கி எடுத்து, நிழலில் உலர்த்தி, இன்னும் ஈரம் முழுதும் போகாதபோதே இஸ்திரி போட்டு, முதல் நாள் இந்து பத்திரிகைத் தாளில் மடித்து, வாரத்துக்கு ஆறு உருப்படியாக அலமாரியில் அடுக்கி வைப்பார். காலை பத்து மணிக்குக் கார் கிளம்புமுன் அந்தப் பொட்டலத்தை என் கையில்தான் கொடுப்பார். எந்த ஜூனியருக்குக் காய்ச்சல், எவன் இரண்டு நாளாக ஒழுங்காகச் சாப்பிடவில்லை, எவன் வாடகை கொடுக்க முடியாமல் திண்டாடுகிறான் என்பதெல்லாம் சீனியருக்கு மாமி சொல்லித்தான் தெரியும். கோர்ட்டில் சீனியரின் வாதத்தைப் புகழ்ந்தவர்கள் ஏராளம். அந்தப் பேண்டின் விறைப்பைக் கவனித்தவர் யாரும் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

இந்தக் கண்ணோடு பார்த்ததால் ஃபானியைப் படம் நடத்தும் விதத்தில் எனக்குப் பாதி நிறைவும் பாதி குறையும். நிறைவு என்னவென்றால், பேச்சில் அவருக்குச் சமபங்கு கிடைத்திருக்கிறது. ஹோம்ஸ் ஒன்று சொன்னால் ஃபானி அதைவிடக் கூராக ஒன்று சொல்கிறார். ஆன் ஹார்டிங் அதைக் குரலை உயர்த்தாமல், கண்ணால் சிரித்துக்கொண்டே சொல்கிறார். நிஜ ஃபானியும் அப்படித்தான் என்கிறார்கள். வாஷிங்டன் முழுக்கப் புகழ்பெற்ற ஆண்களும் அவர்கள் சிறுவயதில் கட்டிக்கொண்ட பெண்களும்தான் இருக்கிறார்கள் என்று அதிபர் தியடோர் ரூஸ்வெல்டிடமே அவர் சொன்னதாக ஒரு கதை வழங்குகிறது. சொன்னவர் தம்மையும் அந்தப் பெண்களில் ஒருத்தியாகச் சேர்த்துக்கொண்டுதான் சொன்னாரா என்று யோசித்தால் சிரிப்பு சற்று நின்றுவிடும்.

குறை என்னவென்றால், வாஷிங்டனுக்கு வருவதற்கு முந்தைய ஃபானி படத்தில் இல்லை. படம் 1902இல் தொடங்குகிறது. அப்போது அவர்களுக்குத் திருமணமாகி முப்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. ஃபானி, ஹோம்ஸுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த பள்ளி ஆசிரியர் டிக்ஸ்வெல்லின் மகள். 1872 ஜூனில் திருமணம்; அதையடுத்து வாதக் காய்ச்சல் வந்து நெடுநாள் படுத்திருந்தார். ஊசியும் பட்டு நூலும் கொண்டு ஓவியம் போல நிலக்காட்சிகளை உருவாக்கும் தையற்கலையில் அவர் பெரிய கைகாரர். பாஸ்டனில் அவற்றைக் காட்சிக்கு வைத்தபோது விமர்சகர்கள் வியந்து எழுதினார்கள். பிறகு அந்தப் படைப்புகளில் பெரும்பகுதியைத் தம் கையாலேயே அழித்துவிட்டார். ஏன் என்பதற்கு அவர் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. கணவர் எழுதிய கடிதங்களோ தொகுதி தொகுதியாக அச்சில் வந்திருக்கின்றன. அயர்லாந்துச் சீமாட்டி காசில்டவுனுக்கு அவர் உருகி உருகி எழுதிய கடிதங்களும் உண்டு. படத்தில் அந்தச் சீமாட்டிக்கு இடமே இல்லை. 1950இன் ஹாலிவுட்டிடம் அதை எதிர்பார்க்கவும் முடியாது.

நடுவில் படத்தை நிறுத்தி, இந்தத் தையல் விவரத்தை என் மனைவியிடம் சொன்னேன். “ஏங்க, ஒண்ணுகூட மிச்சமில்லையா?” என்று கேட்டாள். சில மிஞ்சியிருப்பதாகச் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லாமல் மடியிலிருந்த கம்பளி நூலை உருட்டி ஓரமாக வைத்தாள்.

சட்டத்தைப் படம் விரைவாகவே கடந்துவிடுகிறது, அதுவும் நல்லதுதான். தம்மை நியமித்த ரூஸ்வெல்டின் அரசுக்கு எதிராகவே 1904இல் நார்தர்ன் செக்யூரிட்டீஸ் வழக்கில் ஹோம்ஸ் மாறுபட்ட தீர்ப்பு எழுதியது, பிராண்டைஸ் என்ற யூத வழக்கறிஞர் 1916இல் நீதிபதியாக வந்தபோது எழுந்த எதிர்ப்பு ஆகியவை வருகின்றன. ஆனால் அறிஞர் என்றும் கருணையாளர் என்றும் ஒரே சாயலில் தீட்டப்பட்ட இந்த ஓவியத்தில் 1927இன் பக் எதிர் பெல் வழக்கு கிடையாது. வர்ஜீனியா மாநிலத்தில் கேரி பக் என்ற இளம்பெண் அறிவு குன்றியவள் என்று முத்திரை குத்தப்பட்டு, அவளுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாமா என்ற கேள்வி வந்தபோது, எட்டு நீதிபதிகளுக்காகத் தீர்ப்பு எழுதியவர் ஹோம்ஸ். மூன்று தலைமுறை மூடர்கள் போதும் என்று அதில் எழுதினார். கேரியின் மகள் பள்ளியில் நன்றாகப் படித்த மாணவிதான் என்பது பல ஆண்டுகள் கழித்து வெளிவந்தது. சில பக்கங்களுக்குள் அடங்கிவிடும் தீர்ப்பு அது. ஹோம்ஸ் நின்றுகொண்டு எழுதும் மேசையில்தான் எழுதுவார். முழங்கால் வலிக்கத் தொடங்கினால் தீர்ப்பு தானாகச் சுருங்கும் என்பார். சுருக்கத்தையே தொழிலாகக் கொண்டிருந்த எனக்கு அந்த வேடிக்கை பிடிக்கும். கேரி பக்கின் வழக்கை நினைக்கும்போது பிடிப்பதில்லை. முப்பது பிள்ளைகளை வீட்டுக்குள் சேர்த்துக்கொண்ட அதே குழந்தையற்ற மனிதர் இந்தத் தீர்ப்பையும் எழுதினார் என்று காட்டியிருந்தால் படம் இன்னும் பெரியதாக ஆகியிருக்கும், அந்தப் பிறந்த நாள் விருந்தும் இவ்வளவு இதமாக இருந்திருக்காது.

ஃபானி 1929 ஏப்ரல் 30 அன்று இறந்தார். அவருக்கு வயது 88. அதற்கு முன்பு வழக்கமான மாலைகளில் ஹோம்ஸ் தனியாகச் சீட்டுக்கட்டை அடுக்கிக்கொண்டிருக்க, ஃபானி உரக்கப் படித்துக்காட்டுவார். அந்தக் குரல் நின்ற நான்கே வாரத்தில், மே 27 அன்று, ரோசிகா ஷ்விம்மர் வழக்கின் தீர்ப்பு வந்தது. ஆயுதம் ஏந்த மாட்டேன் என்று சொன்னதற்காகக் குடியுரிமை மறுக்கப்பட்ட அந்தப் பெண்ணுக்காக, நாம் வெறுக்கும் கருத்துக்கும் சுதந்திரம் உண்டு என்று ஹோம்ஸ் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். அதே மாதம் லண்டனிலிருந்த நண்பர் பொல்லக்குக்கு எழுதிய கடிதத்தில், அறுபது ஆண்டுகள் அவள் என் வாழ்க்கையைக் கவிதையாக்கினாள் என்றார். காசில்டவுன் கடிதங்களைப் பற்றித் தெரிந்த பிறகும் அந்த வரியை நான் நம்புகிறேன். இரண்டும் ஒரே மனிதரின் கையெழுத்துதான்.

படத்தின் முடிவில் 1933 மார்ச் 8 அன்று, ஹோம்ஸின் 92ஆம் பிறந்த நாளில், பதவியேற்று நான்கே நாளான பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அவரைப் பார்க்க வீட்டுக்கு வருகிறார். கால்ஹெர்ன் அங்கே நிமிர்ந்து நிற்கும் நிலையை என் மனைவி மிகவும் ரசித்தாள். எனக்கோ அதற்கு நான்கு ஆண்டு முந்தைய வேறொரு காரியம்தான் நினைவில் நின்றது. ஆர்லிங்டன் ராணுவக் கல்லறையில் இடம் கிடைப்பது படைவீரர்களுக்கும் அவர்களின் குடும்பத்தாருக்கும்தான். உள்நாட்டுப் போரில் மூன்று முறை குண்டடி பட்டவர் என்ற தகுதியில் ஹோம்ஸுக்கு அங்கே இடம் உண்டு. ஆனால் ஃபானி முந்திக்கொண்டார். ஆகவே மனைவி அங்கே இருப்பதற்குக் காரணம் காட்ட ஒரு சிப்பாயின் பெயர் வேண்டும் என்பதால், தாம் உயிரோடு இருக்கும்போதே தம் பெயர் பொறித்த கல்லுக்கு அவர் சொல்லி வைத்தார். மசாசூசெட்ஸ் 20ஆம் காலாட்படை, கேப்டன், கௌரவ கர்னல் என்பது முதலில். உச்ச நீதிமன்ற நீதிபதி என்பது அதன் பிறகு. அதற்கும் கீழே, அவர் மனைவி ஃபானி. கல் முதலில் காத்தது ஃபானியைத்தான். அதில் ஹோம்ஸின் பிறந்த மாதமும் ஆண்டும் இருந்தன. இறந்த தேதியைப் பொறிக்க வேண்டிய இடம் 1935 மார்ச் வரை, ஏறத்தாழ ஆறு ஆண்டுகள், வெறுமையாகக் கிடந்தது. அந்த ஆண்டுகளில் அவர் அடிக்கடி பூ வாங்கிக்கொண்டு அங்கே போய்வந்தார்.