போர் தண்ணீருக்கு ஏற்ற ஒரு சிக்லிட்

ஐந்து வாரமாக எங்கள் ஹாலில் மீன் இல்லாத மீன்தொட்டி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம், பத்து மில்லிமீட்டர் கண்ணாடி. தண்ணீர் நிரப்பி, மணல் போட்டு, ஃபில்டரும் இரவு பகலாக ஓடியது. வீட்டுக்கு வருகிறவர்கள் குனிந்து பார்த்துவிட்டு, "எங்கே, ஒளிஞ்சிருக்கா?" என்று கேட்பார்கள். அத்தை ஒருநாள் பொறுக்க முடியாமல், "வெறும் தண்ணிக்கு எதுக்கும்மா இத்தனை கரண்ட்டு?" என்றே கேட்டுவிட்டார்.

அந்த ஐந்து வாரத்தில் தொட்டிக்குள், மீன் கழிவின் நச்சை மாற்றும் பாக்டீரியா வளர்ந்தது. வெளியே நான், எந்த சிக்லிட் வாங்குவது என்று ஒரு நோட்டில் எழுதுவதும் அடிப்பதுமாக இருந்தேன்.

சிக்லிட் என்றால் சிலருக்குப் புதுப் பெயராக இருக்கலாம். நம் ஏரிகளில் பிடித்து விற்கிற ஜிலேபி மீன் இந்தக் குடும்பம்தான். கேரளத்துக் கரிமீனும் இதே குடும்பம். உலகில் 1,600 வகைகளுக்கு மேல் இருக்கின்றன. அவற்றில் எனக்குப் பிடித்தவை அமெரிக்கக் கண்டத்து வகைகள். தொட்டி அருகே நடந்து போனால் மற்ற மீன்கள் கூட்டமாக விலகும். இவை நின்று திரும்பிப் பார்க்கும். கல்லில் முட்டையிட்டு, அதற்கு விசிறிக்கொண்டு காவல் இருக்கும். குஞ்சு தூரமாகப் போனால் வாயில் கவ்வி வந்து கூட்டத்தில் விடும். ஒருமுறை இதைப் பார்த்துவிட்டால் வேறு மீனில் மனம் போவது கஷ்டம்.

எட்டு வருடம் முன்பு வாடகை வீட்டில் இருந்தபோது ரெண்டடித் தொட்டியில் இரண்டு டைகர் ஆஸ்கார் வளர்த்தேன். வாங்கும்போது கட்டைவிரல் நீளம். "ரெண்டடி தாராளமாப் போதும்க்கா" என்றார் கடைக்காரர், நானும் நம்பினேன். ஆஸ்கார் மாதத்துக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் வளரும், முழு வளர்ச்சியில் ஓர் அடியைத் தொடும். எட்டாவது மாதம் அவை திரும்ப வேண்டுமென்றால் உடம்பை வளைத்து, வாலைக் கண்ணாடியில் தேய்த்துத்தான் திரும்ப வேண்டியிருந்தது. ஒன்றுக்குத் தலையில் சின்னச் சின்னக் குழிகள் விழ ஆரம்பித்தன. ஆறடித் தொட்டி வைத்திருந்த ஒருவரிடம் இரண்டையும் கொடுத்தேன். கொடுத்த அன்று அவற்றின் வாலோரம் தேய்ந்திருந்தது இன்றும் நினைவில் இருக்கிறது. அதனால்தான் இந்த முறை மீனைப் பார்ப்பதற்கு முன்னால் தண்ணீரையும் தொட்டியின் நீளத்தையும் பார்ப்பது என்று முடிவு செய்திருந்தேன்.

எங்கள் மேடவாக்கம் குடியிருப்பில் குழாயில் வருவது போர் தண்ணீர். பைப் முனையில் வெள்ளையாகக் காரை பிடிக்கும், சோப்பு லேசில் நுரைக்காது. டிடிஎஸ் மீட்டர் 940 என்று காட்டியது. பலரும் இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். டிடிஎஸ் என்பது கரைந்திருக்கும் எல்லாம் சேர்ந்த கணக்கு. அதில் சுண்ணாம்புச் சத்து எவ்வளவு, சாதாரண உப்பு எவ்வளவு என்று அது சொல்லாது. அதற்குத் தண்ணீரின் கடினத்தன்மையை அளக்கும் ஜிஎச் டெஸ்ட் கிட் வேண்டும். ஐந்து மில்லி தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும், ஒரு சொட்டு ஒரு டிகிரி. ஆரஞ்சு நிறம் பச்சையாக மாறும்போது எண்ணிக்கையை நிறுத்தலாம். பாப்பா எண்ணினாள், நான் சொட்டு விட்டேன். பத்தொன்பதாவது சொட்டில்தான் பச்சை வந்தது. நல்ல கடினமான தண்ணீர்.

தண்ணீர் அமிலமா காரமா என்று சொல்லும் பிஎச்சும் இரண்டு முறை பார்த்தேன், 7 நடுநிலை. மோட்டார் போட்டவுடன் பிடித்த தண்ணீரில் 7.2. அதே வாளியை ஓர் இரவு திறந்து வைத்துக் காலையில் பார்த்தால் 7.9. நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறியதும் பிஎச் ஏறிவிடும். மீன் வாழப்போவது இந்த இரண்டாவது எண்ணில்தான்.

இந்த எண்களை எழுதியதும் நோட்டில் பாதிப் பெயர்கள் தானாக அடிபட்டன. டிஸ்கஸ், ராம், அபிஸ்டோகிராமா ஆகியவை அமேசான், ஓரினோகோ பக்கத்து மீன்கள். அவற்றுக்கு மென்மையான, கொஞ்சம் அமிலத்தன்மை உள்ள தண்ணீர் வேண்டும். பண்ணையில் வளர்ந்தவை கடின நீரைத் தாங்கும் என்பது ஓரளவு உண்மை. ஆனால் முட்டை பொரிவது கஷ்டம், ராம் சீக்கிரம் நோயில் விழும். ஆர்ஓ தண்ணீர் கலந்து வளர்க்கலாம்தான். வீட்டு ஆர்ஓ ஒரு குடம் கொடுக்கும்போது ஒரு குடத்துக்கு மேல் வெளியே தள்ளுகிறது. மே மாதம் லாரித் தண்ணீர் வாங்குகிற குடியிருப்பில் இருந்துகொண்டு மீனுக்காக அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

சரி, கடின நீரில் பிறந்த அமெரிக்க சிக்லிட் எது? வரைபடத்தில் கொஞ்சம் வடக்கே போக வேண்டும். மெக்சிகோவின் யுகடான் தீபகற்பம் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. அதன் வடபகுதியில் ஓடும் ஆறு என்று சொல்ல ஏதுமில்லை. மழை பெய்தால் பாறைக்குள் இறங்கிவிடும். பாறை கரைந்து கூரை இடிந்த இடங்களில் கிணறு மாதிரி வட்டமான நீர்நிலைகள் உண்டு, செனோட்டே என்பார்கள். அங்கேயும் பெலிஸ், வடக்கு குவாத்தமாலா பக்கமும் வாழும் மீன்தான் ஃபயர்மவுத். அதன் உயிரியல் பெயர் தோரிக்திஸ் மீக்கி. மெக்சிகோவின் நன்னீர் மீன்களை ஆராய்ந்து 1904-இல் நூல் வெளியிட்ட சேத் மீக் நினைவாக 1918-இல் வைத்த பெயர். எங்கள் குழாய்த் தண்ணீரின் எண்களையும் அந்த மீனுக்கு ஏற்ற எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தபோது, இதுவரை கடிந்துகொண்ட போர் தண்ணீர் மேல் முதல்முறையாக எனக்குப் பிரியம் வந்தது.

அதே பக்கத்து வேறு மீன்களையும் பார்த்தேன். ஜாக் டெம்ப்சி, 1919 முதல் 1926 வரை உலகக் குத்துச்சண்டை சாம்பியனாக இருந்தவரின் பெயரைச் சுமக்கும் மீன். எட்டு முதல் பத்து அங்குலம் வளரும், நாலடியில் ஒரு ஜோடிதான் வைக்கலாம். டெக்சாஸ் சிக்லிட் அதைவிடப் பெரிது, முரடு. கன்விக்ட் சின்னது, எதையும் தாங்கும், முதன்முதலாகக் குஞ்சு வளர்ப்பைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு அதைவிட நல்ல ஆசிரியர் இல்லை. ஆனால் விடாமல் குஞ்சு பொரித்துக்கொண்டே இருக்கும். வருகிற குஞ்சுகளை என்ன செய்வது என்று பதில் இல்லாமல் வாங்கக் கூடாது. ஃப்ளவர்ஹார்ன் மலேசியாவில் கலப்பினமாக உருவாக்கியது, அதற்குச் சொந்த ஆறு கிடையாது. வாஸ்துவுக்காக வாங்கித் தனியாக அடைத்து வைக்கிறார்கள். பேரட் மீனும் கலப்பினம், பலவற்றுக்கு வாய் சரியாக மூடாது. இரண்டையும் நான் வாங்க மாட்டேன்.

பாப்பாவின் ஆசை எலெக்ட்ரிக் ப்ளூ அகாரா. சாதுவான, அழகான மீன்தான், எங்கள் தண்ணீரையும் தாங்கும். கடைசி வரை போட்டியில் இருந்தது அது ஒன்றுதான். ஆனால் ஒரே ஊர் மீன்களாக ஒரு தொட்டி வைக்க வேண்டும் என்பது எனக்கு ரொம்ப நாள் ஆசை. துணை மீன் தேடியபோதுதான் பாப்பாவும் என் பக்கம் வந்தாள். நம் கடைகளில் 20 ரூபாய்க்கு அள்ளிக் கொடுக்கும் ஸ்வார்டு டெயில் இருக்கிறதே, அதன் பூர்வீகம் மெக்சிகோவும் குவாத்தமாலாவும் பெலிஸும்தான். ஃபயர்மவுத்தின் சொந்தப் பக்கத்து வீட்டுக்காரர். துடுப்பு உயர்ந்த ஒரு வகை மாலியும் யுகடானைச் சேர்ந்தது. இருவருக்குமே கடின நீர் இஷ்டம். "அப்போ எல்லாரும் ஒரே ஊரா?" என்று கேட்டுவிட்டு, ஸ்வார்டு டெயிலைத் தான்தான் தேர்ந்தெடுப்பேன் என்றாள்.

தொட்டியை அதற்கேற்ப அமைத்தேன். 250 லிட்டர் தண்ணீர், மணல், கல், ஸ்டாண்ட் எல்லாம் சேர்ந்து 350 கிலோவாவது வரும். அதனால் பீம் ஓடும் சுவரை ஒட்டி, அடியில் தெர்மாகோல் ஷீட் போட்டு வைத்தோம். ஃபயர்மவுத் வாய் நிறைய மணலை அள்ளி, இரையைச் சலித்துக்கொண்டு, மீதியைச் செவுள் வழியாக விடும். எனவே எம்-சாண்ட் வேண்டாம், அது உடைத்த கல், முனை கூர்மையாக இருக்கும். உருண்டையான மெல்லிய மணலை வாளி தெளியும் வரை பதினொரு முறை அலசினேன். கல் கடையில் வீணாகக் கிடந்த கடப்பா கல் துண்டுகளைக் கேட்டு வாங்கினேன். அதுவும் சுண்ணாம்புக் கல் வகைதான், இந்தத் தண்ணீரில் கெடுதல் இல்லை. கல்லை முதலில் கண்ணாடித் தரையில் உட்கார வைத்துவிட்டு அப்புறம்தான் மணல் போட வேண்டும். மணல் மேல் வைத்தால் மீன் தோண்டத் தோண்டக் கல் சரியும். பாதியாக உடைத்த மண்சட்டிகள் குகைக்கு. செடியில் வாலிஸ்னேரியா மட்டும். ஹீட்டர் வாங்கவில்லை. சென்னையில் வெயில் நாளில் தண்ணீர் 30 டிகிரிக்குப் போகும், சூட்டில் பிராணவாயு குறையும். அதனால் பவர் கட் ஆனாலும் ஓடுகிற பேட்டரி ஏர் பம்ப் வாங்கினேன்.

அந்த ஐந்து வாரக் காத்திருப்பு எங்கள் தண்ணீருக்கு மற்றவர்களைவிட அவசியம். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா, பிஎச் ஒரு படி ஏறினால் ஏறக்குறைய பத்து மடங்கு நச்சாகிறது. 7-இல் தப்பிக்கிற மீன் 8-இல் தப்பிக்காது. ஓர் உரித்த இறாலை வலைப்பையில் கட்டித் தொட்டியில் போட்டு அழுக விட்டேன். அம்மோனியா சோதனைக் குழாய் பச்சையானது, இறங்கியது. பாக்டீரியா அம்மோனியாவை மாற்றும்போது வரும் அடுத்த நச்சு நைட்ரைட், அதன் குழாய் கத்திரிப்பூ நிறத்துக்குப் போய் இரண்டு வாரம் அப்படியே நின்றது. முப்பத்து நான்காம் நாள் இரண்டும் பூஜ்யம்.

அடுத்த ஞாயிறு கொளத்தூர் போனோம். அந்தத் தெருக்களில் நடந்தால் இரண்டு பக்கமும் மீன்தான். நான் போன கடையில் ஃபயர்மவுத் தொட்டி கீழ் வரிசையில், முழங்கால் உயரத்தில் இருந்தது. தரையில் உட்கார்ந்துவிட்டேன். "ஆஸ்கார் பாருங்கக்கா, கையிலயே வந்து சாப்பிடும்" என்றார் கடைக்காரர். தெரியும் தம்பி என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் தீனி போடச் சொன்னேன். சாப்பிட வராத மீனை வாங்கக் கூடாது. இரண்டு அங்குலக் குஞ்சுகள், சுமார் நாற்பது. தொண்டையில் சிவப்பு இன்னும் வரவில்லை, லேசான செம்மண் நிழல் மட்டும். இந்த வயதில் பளீரென்று சிவந்திருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

நான் பார்த்தது செவுள் மூடியை. பண்ணை மீன்களில் மூடி குட்டையாகி, உள்ளே சிவப்புச் செவுள் தெரிகிற குறை அடிக்கடி வரும். ஃபயர்மவுத்துக்கு அந்த மூடிதான் எல்லாம். சண்டை வந்தால் மூடியை விரித்து, தொண்டைத் தோலைப் பை போல இறக்கும். மூடியின் இரு பக்கமும் இருக்கும் கரும்புள்ளிகள் முன்னாலிருந்து பார்த்தால் இரண்டு பெரிய கண்கள் மாதிரி தெரியும். அந்த மிரட்டலோடு பெரும்பாலும் சரி, கடி குறைவு. கன்விக்ட்டோ டெம்ப்சியோ உடன் இருந்தால் அந்த மிரட்டல் எடுபடாது, அடி வாங்கும். ஒவ்வொன்றாக இரு பக்கமும் திரும்பும் வரை காத்திருந்து ஆறு மீன்களைக் காட்டினேன், ஒன்று 100 ரூபாய். முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். கடைக்காரத் தம்பி சலித்துக்கொள்ளாமல் வலை போட்டார்.

"டேங்க் கிளீனர் ஒண்ணு போட்டுத் தரவா?" என்றார். வேண்டாம் என்றேன். அந்த சக்கர் மீன் தென் அமெரிக்காவிலிருந்து வந்தது, ஓர் அடிக்கு மேல் வளரும். வளர்ந்ததும் ஏரியில் விட்டுவிட்டு, இன்று நம் ஏரிகளில் வலை போட்டால் அதுதான் ஏறுகிறது. ஜோடி சேர்ந்த பிறகு மிச்ச நான்கு ஃபயர்மவுத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டேன். "கொண்டாங்கக்கா" என்றார். அந்த வார்த்தை வாங்கிய பிறகுதான் பணம் கொடுத்தேன்.

பையை மிதக்க விட்டு, அரை மணிக்கு மேல் தொட்டித் தண்ணீரைக் கப்பில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, மீனை மட்டும் வலையில் எடுத்து விட்டோம். முதல் இரண்டு நாள் சட்டிக்குள்ளேயே கிடந்தன. பாப்பா தேர்ந்தெடுத்த ஸ்வார்டு டெயில்கள் மேலே பயமில்லாமல் திரிவதைப் பார்த்துத்தான் மூன்றாம் நாள் வெளியே வந்தன.

இப்போது ஒன்பது வாரம். எல்லாம் மூன்று அங்குலத்தைத் தொட்டுவிட்டன. பெரியதற்கு முதுகுத் துடுப்பின் நுனி நீண்டு வருகிறது, ஆணாக இருக்கலாம். இடது ஓரத்துச் சட்டியின் வாசலில் அது இரண்டு நாளாக மணல் அள்ளுகிறது. ஒரு வாய் எடுக்கும், ஒரு சாண் தள்ளிப் போய்த் துப்பும், மறுபடி வரும். நேற்று அங்கே ஒரு ஸ்வார்டு டெயில் எட்டிப் பார்த்தது. பெரியது தலையைத் தாழ்த்தி மூடியை விரித்தது. முதல்முறையாகத் தொண்டை முழுக்கச் சிவப்பு. நான் அத்தையைக் கூப்பிட்டேன், அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ராத்திரிச் சாப்பாடு அரை மணி தாமதமானது.