இரண்டாவது தசமம் எங்கே?

ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு முதல் நேர்காணலுக்குப் போனபோது, என் பி.எஸ்சி. வேதியியல் சான்றிதழை யாரும் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆய்வகப் பொறுப்பாளர் ஒரு ப்யூரெட்டை (திரவத்தை அளந்து சொட்டவிடும் கோடிட்ட கண்ணாடிக் குழாய்) காட்டி, "அளவைச் சொல்லு தம்பி" என்றார். "பதினெட்டு புள்ளி நான்கு." "இரண்டாவது தசமம் எங்கே?"

எங்கே இருக்கும்? மூன்று வருடமும் அதைத் தொலைத்துவிட்டுத்தான் வந்திருந்தேன். கல்லூரிச் செய்முறை வகுப்பில் முதல் அளவை மட்டும் எடுத்துவிட்டு, அடுத்த இரண்டையும் அதற்குப் பொருந்துகிற மாதிரி எழுதிக்கொள்வோம். ரெக்கார்டு நோட்டு அழகாக இருக்கும், மதிப்பெண்ணும் வரும். வேலூர் மாவட்டத்தில் வேதியியல் எடுத்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: அளவைச் சமைக்காதீர்கள்.

நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. 'தரம் பார்த்தல்' (ப்யூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு ஒரு கரைசலின் செறிவைக் கண்டுபிடிப்பது) என்று கைக்குப் பழகியது, கல்லூரியில் 'டைட்ரேஷன்' ஆனதும் அந்நியமாகிவிட்டது. இரண்டு பத்தியாகக் கோடு போட்டு, தமிழ்ச்சொல் ஒருபுறமும் ஆங்கிலச்சொல் மறுபுறமும் எழுதிவைத்தேன். ஒரு பருவத்திலேயே பயம் தெளிந்தது. மோல் கணக்குதான் அதைவிட நாளானது. ஆரணி அரிசி மண்டியில் யாரும் மணியை எண்ணி விற்பதில்லை, எடை போட்டே விற்கிறார்கள். வேதியியலிலும் அப்படித்தான், ஒரு மோல் என்பதன் 6.022×10²³ துகள்களை எண்ண முடியாததால் நிறுக்கிறோம் என்று பிடிபட்டபிறகு செறிவுக் கணக்குகள் தாமே வழிவிட்டன. வெப்ப இயக்கவியலில் அரியர் வைத்தேன். குற்றம் வேதியியலுடையது அல்ல, நுண்கணிதத்தை மறந்த என்னுடையது.

இந்த ஊரில் ஏன் தரம் பார்த்தலைப் பிடித்துத் தொங்குகிறேன் என்றால், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை எல்லாம் தோல் ஊர்கள். ஒருகாலத்தில் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்டார்கள். பிறகு குரோமியம் வந்தது. பாலாறு கெட்டது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், சுத்திகரிப்பு வசதி இன்றித் தோல் தொழிற்சாலைகள் இயங்கக்கூடாது என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் கண்டிப்புக் காட்டியது. சுத்திகரித்தால் போதாது, சுத்தமானதை எண்ணில் காட்ட வேண்டும். அந்த எண்ணை எடுக்க ஒரு வேதியியல்காரர் வேண்டும்.

அவர் அன்றாடம் பார்ப்பது சி.ஓ.டி. சோதனை, அதாவது நீரிலுள்ள கழிவை வேதிமுறையில் ஆக்சிஜனேற்ற எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்று அளப்பது. கழிவுநீரோடு டைகுரோமேட்டும் கந்தக அமிலமும் சேர்த்து 150 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடேற்றி, மிஞ்சிய டைகுரோமேட்டை மோர் உப்பு என்ற இரும்பு உப்பால் தரம் பார்க்க வேண்டும். (மோரில் போடுகிற உப்பா என்று என் பாட்டி கேட்டார்.) முடிவைக் காட்டும் நிறங்காட்டியான ஃபெர்ரோயின் நீலப்பச்சையிலிருந்து செம்பழுப்புக்கு மாறுவது ஒரே சொட்டில் நடந்துவிடும். இளங்கலையில் தூக்கக் கலக்கத்தோடு செய்த அதே சோதனைதான்! இதில் ஒரு பொறியும் உண்டு. பச்சைத்தோலை உப்பிட்டுப் பாதுகாப்பதால் கழிவுநீரில் குளோரைடு மிகுதி. மெர்க்குரிக் சல்பேட் சேர்த்து அதை அடக்காவிட்டால் அளவு பொய்யாக ஏறிவிடும். இந்தக் காரணத்தைச் சொல்லத் தெரிந்தவரை நேர்காணலில் எளிதில் அனுப்பிவிட மாட்டார்கள்.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மருந்து நிறுவனத் தரக்கட்டுப்பாடு என்றால் கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியைத் தொட்டுப் பழகியிருக்க வேண்டும். ஆசிரியர் பணிக்கு பி.எட்., தகுதித் தேர்வு. மருத்துவமனை ஆய்வகத்துக்கு வெறும் வேதியியல் போதாது. மருத்துவ ஆய்வகப் படிப்பு தனியாக வேண்டும். இதைத் தெரியாமல் அலைந்த நண்பர்கள் எனக்கு உண்டு. ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. படிக்க ஜாம் தேர்வு: 3 மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். இரண்டாம் ஆண்டிலேயே பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பாருங்கள், மூன்றாம் ஆண்டில் செய்முறைத் தேர்வு நேரத்தை விழுங்கிவிடும். ஆராய்ச்சி ஆசை இருந்தால் எம்.எஸ்சி.க்குப் பிறகு நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு. தோல் வேதியியலிலேயே ஊன்ற நினைப்பவர்களுக்குச் சென்னை அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது.

அன்று அந்தப் பொறுப்பாளர் என்னைத் திருப்பி அனுப்பவில்லை. கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக வைத்து மறுபடி பார்க்கச் சொன்னார். பதினெட்டு புள்ளி மூன்று ஐந்து.